திரையில் தெரிந்த நாலரை விரல்

மதிப்பிற்குரிய ஐயா, அல்லது அம்மையீர்,

இந்தத் தாள்கள் தங்கள் கைக்கு எவ்வழியாக வந்து சேர்ந்தன என்பதை நான் அறியேன். இவை எதைப் பற்றியவை என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுவது மரியாதை என்று கருதுகிறேன். நான் ஒருவரைப் பழிவாங்கினேன். அதை எவ்வாறு செய்தேன், எதற்காகச் செய்தேன் என்பதே இதில் உள்ளது. மன்னிப்புக் கோரும் எண்ணம் எனக்கு அன்றும் இல்லை. தலை முழுவதும் நரைத்துவிட்ட இன்றும் இல்லை. யாருடைய பெயரையும் நான் எழுதப்போவதில்லை. என் தந்தையின் பெயரைப் படம் எடுத்தவர்கள் எங்கும் எழுதவில்லை. ஆகையால் அவர்களுடைய பெயர்களையும் நான் எழுதாமல் விடுகிறேன்.

நாங்கள் இருளர். செஞ்சியிலிருந்து சிங்கவரம் செல்லும் சாலைக்கு அப்பால், குன்றின் அடியில் எங்களுடைய பதினொரு குடிசைகள் இருந்தன. என் தந்தை பகலில் ஒரு மாந்தோப்புக்குக் காவல் இருந்தார். மற்ற நேரத்தில் பாம்பு பிடித்தார். தோல் வாங்கும் வியாபாரி திண்டிவனத்திலிருந்து மாதம் ஒருமுறை வருவார். நான் மலையில் பட்டையும் வேரும் சேகரித்து, கடைத்தெருவிலிருந்த நாட்டு மருந்துக் கடைக்குக் கொடுத்து வந்தேன். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. பள்ளிக்கூடத்தின் உட்புறத்தை நான் பார்த்ததில்லை. பொட்டலம் மடித்த தாள்களிலும், சுவரில் ஒட்டிய சினிமா நோட்டீசுகளிலும் எழுத்தைப் பிடித்துக்கொண்டேன்.

தந்தையைப் பற்றி ஒரு விவரத்தைத் தாங்கள் நினைவில் வைக்க வேண்டும். அவருடைய வலக்கை மோதிரவிரல் பாதிதான் இருந்தது. நான் பிறப்பதற்கு முன், வேலிக்கு முள் வெட்டும்போது ஒரு நல்லபாம்பு அந்த விரலைத் தீண்டியது. கையிலிருந்த அரிவாளாலேயே, கல்லின்மேல் விரலை வைத்து, அவர் அதை வெட்டிக்கொண்டார். அதனால் உயிர் பிழைத்தார். எங்கள் பிள்ளைகள் அவருடைய கையை எண்ணி, "நாலர, நாலர" என்று கூவி ஓடுவார்கள். அவரும் அந்தக் கையாலேயே அவர்களைத் துரத்துவார்.

அறுபதுகளின் நடுவில் ஒரு கோடைத் தொடக்கத்தில், சென்னையிலிருந்து ஒரு படக் கம்பெனியின் மேனேஜர் ஜீப்பில் வந்து இறங்கினார். கோட்டையில் ஒரு ராஜா கதை எடுப்பதற்காக இடம் பார்க்க வந்திருந்தார். ராஜகிரியின் அடிவாரத்தில், வாய் கட்டிய பானையில் பாம்போடு என் தந்தை எதிர்ப்பட்டார். மேனேஜர் ஜீப்பை நிறுத்தி, அவரைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தார்.

"பெரியவரே, சினிமாவுல நடிக்கிறியாய்யா?"

"நானா சாமி? இந்தப் பானைல கீறத வேணா கேளுங்க. அதுக்குத்தான் ஆட்டம் தெரியும்."

"நீதான்யா. கதையில ஒரு மலைத் தலைவன் வரான். எதிரி கோட்டையச் சுத்தி வளைச்சப்போ, ராஜாவ ரகசிய வழியா எறக்கிக் காப்பாத்தறவன். உன் மொகம் அப்படியே அச்சு. தாடிய மட்டும் எடுத்துடாதே. நாங்க வர்ற வரைக்கும் வளரட்டும்."

மூன்று வசனங்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு அவர் போனார். அந்தத் தாளை நான் படிக்க, தந்தை கேட்டுக் கேட்டு மனத்தில் ஏற்றிக்கொண்டார். முதல் வசனம், "அரசே, இந்த மலை என் தாய், தாய்மடி புகுந்தாரைத் தீண்டுவார் யாருமிலர்" என்பது.

"எந்த இருளன்டா இப்டி பேசுவான்?" என்றார் தந்தை.

"சினிமா இருளன் நைனா."

"அப்ப சரி. அவன் இன்னா வேணா பேசுவான்."

அந்த ஒரு மாதமும் தோப்பில் காவல் இருந்தபடியே அவர் அந்த மூன்று வசனங்களையும் மாமரங்களிடம் சொன்னார். தாடி மார்பைத் தொட்டது. செய்தி செஞ்சி முழுவதும் பரவியது. பஸ் நிற்குமிடத்துக்கு எதிரே ஒரு டீக்கடை இருந்தது. அங்கே எங்களுக்குக் கண்ணாடிக் குவளை கிடையாது. கூரை ஓலையின் ஓரத்தில் செருகியிருக்கும் கொட்டாங்குச்சியை நாங்களே எடுத்துக் கழுவி, தள்ளி நின்று நீட்ட வேண்டும். அந்தக் கடைக்காரர் என் தந்தையைக் கண்டாலே தொடங்கிவிடுவார்.

"இன்னா ஈரோ, இன்னிக்கு சூட்டிங் இல்லியா? டேய், ஈரோவுக்கு ஒரு நாற்காலி போடுங்கடா. கொட்டாங்குச்சிக்குப் பக்கத்துல போடுங்க."

கடையே சிரிக்கும். தோப்பின் முதலாளியும் ஒருநாள் அங்கே அமர்ந்து சிரித்தார். திரும்பி வரும்போது நான் பல்லைக் கடித்தேன். தந்தை என் தோளில் அந்த நாலரை விரலை வைத்தார்.

"சிரிக்கட்டும்டா. டென்ட் கொட்டாயில என் மூஞ்சி தென்னமர ஒசரத்துக்கு வரும். இவனும் அந்த மொதலாளியும் டிக்கிட்டு வாங்கிக்கினு வந்து அண்ணாந்து பாக்கணும் அத. எனக்கு அது ஒண்ணு போதும்."

அவர் வேறு எதையும் விரும்பி நான் கேட்டதில்லை, ஐயா. இதன்பின் நான் எழுதுவதெல்லாம் அந்த ஓர் ஆசையைப் பற்றியதே.

சொன்னபடி கம்பெனி வந்தது. இரண்டு லாரி, மூன்று கார், அறுபது பேர். நடிகர்களும் டைரக்டரும் டிராவலர்ஸ் பங்களாவில் தங்கினார்கள். படப்பிடிப்பு நாளன்று விடியற்காலையில் தந்தை குளத்தில் மூழ்கி எழுந்து, தாடியைச் சிக்கெடுத்து, என்னையும் அழைத்துக்கொண்டு ராஜகிரி அடிவாரத்துக்குப் போனார்.

அங்கே ஒரே வேடிக்கையாக இருந்தது. எதிரியான நவாபின் படைவீரர்களாகச் சுற்றுவட்டாரத்துக் கிறிஸ்தவக் குடியானவர்களைப் பிடித்து வந்திருந்தார்கள். ஒட்டுத் தாடியும் தலைப்பாகையுமாக நின்ற அவர்கள், கழுத்திலிருந்த, மாதா படம் தைத்த உத்தரியத்தைச் சட்டைக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மட்டும் மறந்துவிட்டார் போலும், "நவாப் ஆளு கழுத்துல மாதா தொங்குறாங்கப்பா!" என்று உதவி டைரக்டர் கத்தினார். எல்லோரும் சிரித்தோம். என் தந்தையும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அந்தச் சிரிப்பு முடிவதற்குள் புளியமரத்தடியில் நான் ஒருவரைக் கண்டேன். நாற்காலியில் வெள்ளைத் துணியைப் போர்த்தியபடி ஓர் ஆள் அமர்ந்திருந்தார். எலுமிச்சை நிறம். அவருடைய கழுத்துக்குக் கீழே அந்த நிறம். கழுத்துக்கு மேலே கன்னங்கரேல் என்றிருந்தது. மேக்கப்காரர் கறுப்பைத் தொட்டுத் தொட்டு அவர் காதுவரை இழுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு மர முளையில், இலையும் இறகும் தைத்த உடை தொங்கியது. அது மலைத் தலைவனுடைய உடை.

மேனேஜர் எங்களைப் பார்த்தும் பார்க்காதவராய்த் தாள்களைப் புரட்டினார். தந்தை நேரே டைரக்டரிடம் போய்க் கும்பிட்டு, "அரசே, இந்த மலை என் தாய்" என்று தொடங்கினார். டைரக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாருய்யா இது?"

மேனேஜர் காதருகே எதையோ சொன்னார்.

"நோ, நோ. மலைவாசின்னா ஒரு கம்பீரம் வேணாமா? மார்பு வேணும், ஒசரம் வேணும். இவரப் பாத்தா மலைவாசின்னு ஜனங்க நம்பவே மாட்டாங்கய்யா. ரொம்பச் சாதாரணமா இருக்காரு."

பிறந்தது முதல் மலையிலேயே வாழ்ந்த மனிதரைப் பார்த்து அவர் சொன்ன வாக்கியம் அது. ஒரு சொல்லையும் நான் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

வேடம் கட்டுவதே குற்றம் என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் பக்கத்துக் கூத்தில் உழவர் அரசராகிறார், ஆண் பெண்ணாகிறார், முகத்தில் சிவப்பும் பச்சையும் தீட்டிக்கொள்கிறார்கள். அதை விடிய விடியப் பார்த்து வளர்ந்தவன் நான். ஆனால் அரசர் வேடம் கட்டியவர், வாசலில் வந்து நின்ற அரசரை, நீ அரசனைப் போல் இல்லை என்று விரட்டியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

விரட்டியிருந்தாலும் நாங்கள் போயிருப்போம். அவர்கள் விரட்டவில்லை. "இவர இங்கயே உக்கார வைங்க. பாவனை பாத்துக்கலாம்" என்றார் டைரக்டர். தந்தையைப் புளியமரத்தடியில் உட்கார வைத்தார்கள்; நடக்கச் சொன்னார்கள்; குந்தச் சொன்னார்கள்; பீடி பற்ற வைக்கச் சொன்னார்கள். அந்த நடிகர் கூர்ந்து பார்த்தார். பிறகு எழுந்து நடந்து காட்டினார். முதுகை வளைத்து, முழங்காலைப் பரப்பி, அக்குளைச் சொறிந்து, மூக்கை உறிஞ்சி நடந்தார். என் தந்தை சொறியவில்லை, உறிஞ்சவுமில்லை. அவையெல்லாம் அந்த நடிகர் தம் கையிலிருந்து சேர்த்தவை. அறுபது பேரும் சிரித்தார்கள். நவாபின் வீரர்களும் சிரித்தார்கள்.

"எப்படி பெரியவரே, சரியா இருக்கா?" என்றார் நடிகர்.

என் தந்தையும் சிரித்தார். சிரித்துக்கொண்டே, "அப்டியே கீது சாமி" என்றார்.

அவருடைய அந்தச் சிரிப்பை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். மேனேஜரை அப்போது நான் மறந்துவிட்டேன். டைரக்டரையும் மறந்தேன். அந்தக் கறுத்த முகத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டேன்.

அன்று படம் எடுக்க முடியவில்லை. பகல் பதினொரு மணிக்குமேல் ராஜகிரிப் பாறையில் வெறுங்காலை வைக்க முடியாது. அந்தச் சூட்டில் நடிகருடைய வேர்வை பெருகி, கறுப்பு மை கோடு கோடாகக் கரைந்து வழிந்தது. அடியிலிருந்து எலுமிச்சை நிறம் எட்டிப் பார்த்தது. மூன்று முறை பூசினார்கள். மூன்று முறையும் வழிந்தது. டைரக்டர் மேக்கப்காரரைத் திட்டினார். மேக்கப்காரர் நல்ல மனிதர். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் என்னிடம் வந்தார்.

"தம்பி, நீ பட்டை, மூலிகையெல்லாம் விக்கிறவனாமே. வேர்வையில கரையாத கறுப்பு ஏதாச்சும் இருக்கா?"

"இருக்குது சார்."

"தோலுக்குக் கெடுதல் ஒண்ணும் வராதே?"

"வராது சார். எங்க பொம்பளைங்க கைக்கும் தலைக்கும் போடறதுதான்."

"தண்ணி பட்டா?"

"அசையாது சார்."

அவர் கேட்ட கேள்விகள் இவ்வளவே. எல்லாவற்றுக்கும் நான் உண்மையையே சொன்னேன். கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அவர் கேட்கவில்லை. அவர்களுடைய தொழிலில் முகத்தில் ஏறியது எதுவானாலும் தேங்காய் எண்ணெயில் இறங்கிவிடும். நாற்பது வேடத்தை எண்ணெய்த் துணியால் துடைத்தெடுத்த கை அவருடையது. துடைத்தும் போகாத நிறம் ஒன்று உலகத்தில் இருக்கும் என்பது அவர் எண்ணத்திலேயே எழவில்லை.

வெயில் தணியுமுன் நான் மலையேறினேன். மருதாணி, கடுக்காய், இவற்றோடு இன்னொரு பட்டை. அந்தப் பட்டையின் பெயரை இங்கே எழுத மாட்டேன். குடிசை வாசலில் பானையை ஏற்றிக் காய்ச்சினேன். அந்த மணத்தை அறியாத இருளர் இல்லை. தந்தை வந்து பானைக்குள் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"எத்தினி தபா பூசப்போற?"

"மூணு நாளைக்கு மூணு தபா."

அவர் பானைக்கு அருகே குந்தினார். என்னைத் தடுப்பார் என்றே நினைத்தேன். பிறகு எழுந்து போகும்போது சொன்னார்: "காதுக்குப் பின்னாலயும் பூசு. அங்கதான் வெள்ள தெரியும்."

மறுநாள் காலை மேக்கப்காரர் முதலில் தம்முடைய முழங்கையில் ஒரு பொட்டு வைத்து, தண்ணீர் ஊற்றிப் பார்த்து மகிழ்ந்தார். பிறகு நானே நடிகருக்குப் பூசினேன். நெற்றி, கன்னம், கழுத்து, மார்பு, கை, விரலிடுக்கு, காதின் பின்புறம். குளிர்ச்சியாக இருக்கிறது என்றார் அவர். கண்ணை மூடிக்கொண்டார். முதல் பூச்சில் தேன் நிறம் வந்தது, உச்சிவேளையில் மாநிறமானது, மாலையில் என் நிறமானது. வேர்வை ஓடியது, நிறம் நின்றது. டைரக்டர் மேக்கப்காரரின் முதுகில் தட்டினார். படப்பிடிப்பு முடியும்வரை அதைத் துடைக்கவே வேண்டாம் என்றார்.

இரண்டாம் நாள் பூச்சுக்குப் பிறகு இன்னொன்று நடந்தது. மலைத் தலைவன் ஒரு நல்லபாம்பைக் கையில் பற்றி வீசிவிட்டு, செங்குத்துப் பாறையில் இறங்க வேண்டும். நடிகர் பாம்பைக் கண்டு நாற்காலியின்மேல் ஏறிக்கொண்டார். "அந்தப் பெரியவரக் கூப்பிடு. முதுகுப் பக்கமா எடுத்துக்கலாம்" என்றார்கள். தந்தை வந்தார். நடிகருக்குத் தாடி வேண்டாமென்று முடிவாகியிருந்தது. ஆகையால் அவர்களே சொல்லி வளர்க்கவைத்த அந்தத் தாடியை, பாறையின் நிழலில் உட்கார வைத்து மழித்தார்கள். பிறகும் டைரக்டருக்குத் திருப்தியில்லை. நடிகர் இப்போது என் தந்தையைவிட ஒரு படி அதிகம் கறுத்திருந்தார். "ரெண்டு பேரும் ஒத்துவரலியே. இவருக்கும் கொஞ்சம் மை அடிங்க" என்றார்.

இருளரைப்போல் நிறம் பூசிக்கொண்டவரைப் போலத் தெரிவதற்காக, ஓர் இருளருக்கு நிறம் பூசினார்கள், ஐயா. அதை நான் நின்று பார்த்தேன். மறுநாள் மூன்றாம் பூச்சைச் சற்றுக் கெட்டியாகவே கரைத்தேன்.

தந்தை பாம்பைப் பற்றிய விதத்தை அங்கிருந்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள். காமிரா அவருடைய தோளுக்குப் பின்னாலிருந்து எடுத்தது. வலக்கை நீண்டது, தலைக்குக் கீழே பற்றியது, ஒரு கணம் அதை உயர்த்திப் பிடித்தது, பிறகு வீசியது. பாறையில் அவர் இறங்கியபோது நவாபின் வீரர்கள் கைதட்டினார்கள். முகத்தை மட்டும் திருப்பக் கூடாது என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள். அவர் திருப்பவில்லை.

மூன்றாம் நாள் பூச்சும் முடிந்தது. படப்பிடிப்பும் முடிந்தது. மாலையில் புளியமரத்தடியில் நடிகர் உட்கார, மேக்கப்காரர் தேங்காய் எண்ணெய்ப் புட்டியைத் திறந்தார். துணி வெள்ளையாகவே வந்தது. மறுபடி துடைத்தார். எலுமிச்சம்பழம் கொண்டுவந்தார்கள், சீயக்காய் கொண்டுவந்தார்கள், கடைசியில் மண்ணெண்ணெய் கொண்டுவந்தார்கள். தோல் சிவந்தது, கறுப்புக்கு உள்ளே. நான் சற்றுத் தள்ளி ஒரு கல்லின்மேல் அமர்ந்து, முடியும்வரை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

அந்த நிறத்தின் குணம் ஒன்றைத் தங்களுக்குச் சொல்ல வேண்டும். பூசுவதை நிறுத்திய பிறகும் இரண்டு நாள் அது தானாகவே கறுக்கும்.

மறுநாள் காலை கம்பெனி மூட்டை கட்டியது. அந்தக் கோலத்தில் மற்றவர்களோடு பயணம் செய்ய மனமில்லாமல் நடிகர் பங்களாவிலேயே தங்கினார். அவருக்குத் தனிக் கார் நண்பகலில் வருவதாக ஏற்பாடு. பத்து மணி அளவில், சென்னைக்கு டிரங்கால் போடுவதற்காக லுங்கியும் பனியனுமாகத் தபாலாபீசுக்கு நடந்தார். மருந்துக் கடைக்குப் பட்டைக்கட்டுடன் போய்க்கொண்டிருந்த நான் அவரைக் கண்டேன். நல்ல வெயில். களைத்துப்போய் டீக்கடைக்குள் நுழைந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"டேய்! டேய்! எழுந்திரு!" என்று கடைக்காரர் சத்தமிட்டார். "புதுசா ஊருக்கு? வெளில நில்லுடா. கொட்டாங்குச்சி தோ ஓலைல சொருவிக்கீது, எடுத்துக்கினு வா."

நடிகர் எழுந்தார், அதிர்ச்சியில் எழுந்தார். "மரியாதையாப் பேசுங்க. நான் யார்னு தெரியுமா உங்களுக்கு?"

"பாரேன், இருளனுக்கு வாய!"

"நான் நடிகன்யா! சினிமா நடிகன்!"

கடை முழுவதும் சிரிப்பு வெடித்தது. கடைக்காரர் டீ வடிகட்டும் துணியோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"தெரியும்டா! ஒரு மாசமா ஒரு கெழவன் இதத்தான் சொல்லிக்கினு திரிஞ்சான். உங்க கூட்டமே சினிமாவுக்குக் கெளம்பிட்டீங்களா?"

அப்போது நடிகர் என்னைக் கண்டார். ஓடிவந்து என் கையைப் பற்றினார். "தம்பி, நீ சொல்லு. நான் யார்னு இவங்ககிட்ட நீ சொல்லு."

கடைக்காரர் என்னைக் கேட்டார்: "யார்றா இவன்? உங்க ஆளா?"

நான் அந்த முகத்தை நன்றாகப் பார்த்தேன். காதின் பின்புறம்வரை பார்த்தேன்.

"தெரியலியேண்ணே" என்றேன். "எங்க ஆளு மாரி இல்ல."

அங்கிருந்து நான் சிங்கவரம் சாலையில் நடக்க, அவர் பின்னாலேயே வந்தார். வழியில் என்னைக் கேட்டவை யாவும் எனக்கு நினைவிருக்கின்றன. நாளை மறுநாள் சென்னையில் இன்னொரு படம் தொடங்குகிறது. அதில் அவர் ஒரு ஜமீன்தாரின் மகன். அவருக்கென்று கிடைத்த முதல் பெரிய வேடம். இது எப்போது போகும்?

"தோலு மாறும்போது போவும் சார். இருவது நாளு. வெள்ளத் தோலு, ஒரு மாசம்கூட ஆவலாம்."

"நான் உனக்கு என்ன தப்புப் பண்ணேன்?"

"நடந்து காட்டுனீங்களே சார்."

அவருக்கு அது விளங்கவில்லை. மெய்யாகவே விளங்கவில்லை. சற்றுத் தூரம் வந்த பிறகுதான் விளங்கியது போலும். "உங்க அப்பாகிட்ட நான் பேசறேன்" என்றார்.

குடிசைகளுக்கு முன்னால் எங்கள் ஆட்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். தாடியில்லாத முகத்தோடு தந்தை வெளியே வந்தார். நடிகர் கைகூப்பி, "பெரியவரே, மன்னிச்சுக்கணும்" என்று தொடங்கினார். தந்தை கையை உயர்த்தி அவரை நிறுத்தினார்.

"இருங்க சாமி. நீங்க எனக்கு நடந்து காட்டுனீங்க. நான் உங்களுக்குக் காட்ட வேணாமா?"

தந்தை நடந்தார். மார்பை முன்னே தள்ளி, தோளில் இல்லாத சால்வையைச் சரிசெய்து, நெற்றியில் இல்லாத வேர்வையை இல்லாத கைக்குட்டையால் ஒற்றி, "விசிறுங்கய்யா" என்று சொல்லி, பாம்பு வருவதைக் கண்டு வீல் என்று கத்தி, நாற்காலி இருக்குமிடத்தில் தாவி ஏறி நின்றார். அங்கே நாற்காலி இல்லை. ஆனால் எங்கள் எல்லோருடைய கண்ணுக்கும் அது தெரிந்தது. பெண்கள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். பிள்ளைகள் புழுதியில் உருண்டார்கள். என் தந்தை நடித்து நான் கண்டது அந்த ஒருமுறைதான். அதற்கு அவருக்கு எந்த நிறமும் தேவைப்படவில்லை.

"எப்டி சாமி? சரியா கீதா?" என்று கேட்டார்.

நடிகர் எங்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு அவரும் சிரித்தார். என் தந்தை புளியமரத்தடியில் சிரித்தாரே, அதே சிரிப்பு. நான் அதற்காகத்தான் பானையை ஏற்றினேன்.

ஜமீன்தார் மகன் வேடம் வேறொருவருக்குப் போயிற்று என்பதைப் பின்னாளில் ஒரு பொட்டலத் தாளில் வாசித்தேன். மேக்கப்காரரையும் நீக்கிவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அதற்கு மட்டும் வருந்தினேன். தாடி வளர்க்கச் சொன்ன மேனேஜருக்கோ எதுவும் நேரவில்லை. அவர்மேல் என் பானைத் தண்ணீர் ஒரு துளியும் படவில்லை. என் மனக்குறை அது ஒன்றே.

எட்டு மாதத்துக்குப் பிறகு அந்தப் படம் எங்கள் டென்ட் கொட்டகைக்கு வந்தது. முதல் ஆட்டத்துக்கு நாங்கள் பதினொரு குடிசையும் போனோம்; திரைக்கு அருகே மணலில் அமர்ந்தோம். டீக்கடைக்காரர் பின்னால் பெஞ்சில் இருந்தார். தோப்பு முதலாளி நாற்காலியில் இருந்தார். இருவரும் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்திருந்தார்கள்.

மலைத் தலைவனுடைய முகம் தென்னை உயரத்துக்கு வந்தது. அந்த நடிகருடைய முகம், என்னுடைய நிறம். "தாய்மடி புகுந்தாரைத் தீண்டுவார் யாருமிலர்" என்றது. என் பக்கத்தில் தந்தை உதட்டசைத்து, கூடவே சொன்னார். சொல்லி முடித்துத் தலையைக் குனிந்துகொண்டார். நான் அவரை அழைத்துக்கொண்டு எழுந்துவிடலாமா என்று எண்ணினேன்.

அப்போது பாம்பு வந்தது. திரையில் ஒரு கை நீண்டது. பாம்பின் கழுத்தைப் பற்றி உயர்த்தியது. மோதிரவிரல் பாதிதான் இருந்தது. திரை முழுவதும் அந்தக் கைதான். அடுத்த கணமே நடிகரின் முகம். வாளைப் பற்றிய அவருடைய கை. அதில் ஐந்து விரலும் முழுதாக இருந்தன. சென்னையில் படத்தை வெட்டி ஒட்டிய எவரும் இதைக் கவனிக்கவில்லை. எங்கள் பிள்ளைகள் கவனித்தார்கள்.

"நாலர! நாலர!"

தந்தை எழுந்தார். வலக்கையைத் தலைக்குமேல் தூக்கினார். படம் காட்டும் எந்திரத்தின் வெளிச்சத்தில் அந்தக் கையின் நிழல் திரையில் பெரிதாக விழுந்தது. கீழே உட்காரச் சொல்லிப் பின்னாலிருந்து கூச்சலிட்டார்கள். ஒரு செருப்பும் வந்து விழுந்தது. எல்லோரும் விரல்களை எண்ணி முடிக்கும் நேரம்வரை நின்றுவிட்டே அவர் உட்கார்ந்தார்.

மறுநாள் டீக்கடையில் கடைக்காரர் கொட்டாங்குச்சியில் ஊற்றியபடியே குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "யோவ் கெழவா, நேத்து அந்தக் கை உன்னுதா?"

தந்தை உறிஞ்சிக் குடித்து முடித்தார்.

"டிக்கிட்டு வாங்கிக்கினுதான பாத்தீங்க?"

"ஆமா."

"அண்ணாந்துதான பாத்தீங்க?"

கடைக்காரர் டீ வடிகட்டும் துணியை எடுத்துப் பிழியத் தொடங்கினார்.

"அப்ப என்னுதுதான்" என்றார் தந்தை.

ஆயினும் அவர் ஆசைப்பட்டது கைக்கு அல்ல, முகத்துக்கு. இறக்கும்வரை அதன்பின் அவர் தாடி வளர்க்கவில்லை. அவருக்கு ஒரு புகைப்படமும் கிடையாது. அந்தப் படம் இன்னும் எங்கேயாவது ஓடுமானால், மலைத் தலைவனாக நடித்தவரின் பெயர் தொடக்கத்தில் வரும். பாம்பைப் பிடித்தவரின் பெயர் வராது. பார்க்கிறவர்கள் அந்தக் கையும் அந்த நடிகருடையதே என்று நம்பிவிடுவார்கள். அந்தக் கையை மட்டும் அந்த நடிகர் வைத்துக்கொள்ள நான் விடமாட்டேன்.

ஆகவே, ஐயா, அம்மையீர், இத்தாள்களை எறிந்துவிடாமல் பத்திரமாக வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.